சக்கரத்துக்கும் ஒரு பொட்டு

2024 அக்டோபர் 13, ஞாயிறு காலை ஆறு பத்து. சமயநல்லூர் அருகே நான்குவழிச் சாலையில் கார்த்திகேஷ், வயது இருபத்தாறு, இறந்து கிடந்தான்.

காரின் முன்சக்கரம் கழன்று ஓடிக் கருவேலம் புதரில் படுத்திருந்தது.

இன்ஸ்பெக்டர் முனீஸ்வரிக்கு எரிச்சலாக வந்தது. பதினாலு விநாடி நேர்ரோட்டில் பறக்க ஒரு உயிர்... இதற்குப் பெயர் வீரமாம்!

பக்கத்தில் இன்னொரு காரில் போட்டியிட்டவன் வெங்கடேஷ்பாபு. பரவையில் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவன். கார்த்திகேஷின் காரைத் தயார் செய்தவனும் அவனே.

"முன்னால ஒல்லி வீல், பின்னால அகல வீல்னு ஜப்பான் சரக்கா ஒரு மாசம் தேடித் தேடி வாங்கினான் மேடம். புது வீலு... காலையிலகூடச் சொன்னேன், நட்டை ஒருதரம் டைட் வைடான்னு. கேக்கல!"

"பெல்ட்டு?"

ஐந்து வார் கொண்ட ரேஸ் பெல்ட். வார்களைப் பூட்டும் பக்கிள் பிஸ்கட்டாக நொறுங்கியிருந்தது.

"டூப்ளிகேட் மேடம். அவனே வாங்கி ரெண்டு மாசம் முந்தியே மாட்டிட்டான்."

"வீலு ஜப்பான்... உசுரைப் பிடிக்கிற வாரு டூப்ளிகேட்டு! அம்புட்டு அறிவுய்யா ஒங்களுக்கு!"

ஏட்டு அழகுபாண்டி பேனாவைத் திறந்தார். "விபத்துன்னு எழுதிரவா மேடம்?"

"எழுதாதீங்க!"

கோச்சடையிலிருந்து ஓடி வந்திருந்த இந்துப்ரியா. இறந்தவனின் தங்கை.

"எங்கண்ணன் வாங்கினது ஒரிஜினல் பெல்ட்டு! இப்ப விபத்துன்னு எழுதினா, அவனே அவனைக் கொன்னுக்கிட்டான்னு ஆயிரும் மேடம்!"

"பாவம், தங்கச்சி..." வெங்கடேஷ்பாபு உச்சுக் கொட்டினான்.

முனீஸ்வரி காருக்குள் குனிந்தாள்.

ஸ்டீயரிங்கில் சந்தனம், குங்குமம். தீயணைப்பு சிலிண்டரில் பொட்டு. புரண்டு கிடந்த ஜாக்கியில்கூடப் பொட்டு!

"ஆயுத பூஜை எங்க போட்டீங்க?"

"வெள்ளிக்கிழமை, பாபு அண்ணே ஷெட்டுல. அப்பலருந்து வண்டி அங்கதான். இன்னைக்கு இருட்டோட போய் எடுத்தான். பொட்டு வச்சது நான்தான் மேடம். வீலு, பெல்ட்டு... ஒண்ணு விடல!"

முனீஸ்வரி நொறுங்கிய பக்கிளைப் புரட்டினாள்.

புத்தம் புதுசு. வாரிலும் பொட்டு இல்லை, சந்தன வாசனைகூட இல்லை!

"ரெண்டு மாசமா வண்டில இருந்த பெல்ட்டு... பூஜைக்கு மட்டும் லீவா? இல்ல, இது நாத்திக பெல்ட்டா?"

வெங்கடேஷ்பாபு தன் காரை ஒருதரம் திரும்பிப் பார்த்தான்.

"ஒங் காரைத் திறய்யா."

"எதுக்கு மேடம்..."

"திற!"

திறந்தான். ஸ்டீயரிங், கியர், டாஷ்போர்டு... எல்லாவற்றிலும் நாமம். அவன் கையால் வரைந்தது.

இருக்கையில் தொங்கிய பெல்ட்டில் மட்டும்... வட்டமான குங்குமப் பொட்டு!

"நான் வச்சது!" இந்துப்ரியா அலறினாள்.

வெங்கடேஷ்பாபு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மூணு ஞாயிறா என் கஸ்டமர்கிட்டயே தோத்தேன் மேடம்... சிரிச்சானுக. நட்டை லூசாக்கிட்டு, பெல்ட்டை மாத்திட்டேன். ஒரிஜினலைத் தூக்கிப் போட மனசு வரல..."

"தொடைச்சாவது வச்சிருக்கலாம்லய்யா?"

"பூஜைப் பொட்டை எப்படி மேடம் அழிக்கிறது? ஆகாதுல்ல..."

"ஓ! ஆளை அழிக்கலாம்... பொட்டை அழிக்கக் கூடாதாக்கும்!"

ஏழரை மணிக்கு வெங்கடேஷ்பாபு கைது செய்யப்பட்டான். பெல்ட் சான்றுப்பொருள் ஆனது... பொட்டோடு.