கொழுந்து லொறியில் வந்த அடுப்பு

வளைவில் ஒரு பெண் கையைக் காட்டியபோது துஷாந்த் லொறியை நிறுத்தியிருக்கக் கூடாது. பின்னால் நானூறு கிலோ தேயிலைக் கொழுந்து இருந்தது. தொழிற்சாலைக்குப் பிந்தினால் தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கையா ஏசுவார். மழை வேறு. ஆனால் அவள் ரோட்டின் நடுவில் நின்றாள். அவள் மேல் ஏற்றிவிட்டுப் போனால்தான் உண்டு.

குடை அவள் தலைக்கு மேல் இல்லை. பக்கத்தில் கிடந்த பெரிய அட்டைப் பெட்டிக்கு மேல் இருந்தது.

“கொழும்பு வேன்காரன் இதுக்கு மேல ஏறாதுன்னு எறக்கி வச்சிட்டுப் போயிட்டான். பங்களா வரைக்கும் கொண்டு போய் விடுங்க.”

“கேக்குறீங்களா, சொல்றீங்களா?”

“மழை வலுக்குது. எப்படி வேணும்னாலும் வச்சிக்கங்க.”

அவளுடைய கண்கள் பெரியவை அல்ல. இமையில் இரண்டு துளிகள் தொங்கின. அவள் துடைக்கவில்லை, சிமிட்டவும் இல்லை. பொகவந்தலாவையில் மழை பார்க்காதவன் யார்... ஆனாலும் அந்த இரண்டு துளிகளும் விழுகிறவரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் தொடக்கம். அன்றைக்கு அதற்கு மேல் அழகாக ஒன்றும் நடக்கவில்லை.

லொறியில் இருந்த, மூட்டை ஏற்றுகிற இரண்டு பேரும் அவனுமாகப் பெட்டியைத் தூக்கினார்கள். முதுகு முறிந்தது.

“உள்ள என்னங்க, அம்மிக்கல்லா?”

“அடுப்பு. பீங்கான் அடுப்பு. கரி போட்டு வாட்டுறது.”

“பீங்கான்ல அடுப்பா? வெடிச்சிராது?”

“சூடா இருக்கும்போது தண்ணி ஊத்தினா வெடிக்கும். நீங்க ஊத்தாம இருந்தா வெடிக்காது.”

பங்களாவின் பின்முற்றத்தில் பிரித்தபோது உள்ளே ஒரு பெரிய பச்சை முட்டை இருந்தது. கீழே ஒரு சின்னக் கதவு, உச்சியில் ஒரு துவாரம், நடுவில் சூடு காட்டும் முள். துஷாந்த் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அது அவளுக்குச் சிரிக்கிற விஷயம் இல்லை.

நாகலெட்சுமி அங்கே இரண்டாவது சமையல். லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். பழைய துரை பங்களா இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ஹோட்டல். பெரிய சமையல்காரர் கட்டாருக்குப் போய் இரண்டு மாதமாக அந்த இடம் காலி. மனேஜர் குகநேசன், யாழ்ப்பாணத்துக்காரர், பீப்பாயை வெட்டிச் செய்த இரும்பு அடுப்பே போதும் என்றார். இவள்தான் பிடிவாதம் பிடித்தாள். இரும்பு இந்தக் குளிரில் சூட்டைப் பிடித்து வைக்காது, ஒரு மழைக்காலத்தில் துரு ஏறும். பீங்கானின் சுவர் தடிப்பு, ஒரு சட்டி கரி பகல் முழுக்கத் தாங்கும் என்றாள். மூன்று அளவுகள் இருந்தன. பெரியது வேண்டாம், ஆள் குறைந்த நாளில் கரிதான் வீணாகும் என்று நடுத்தரத்தைத் தேர்ந்தாள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் முதலாளி வருகிறார். பகல் சாப்பாடு அந்த அடுப்பில். நன்றாக அமைந்தால் பெரிய சமையல் அவள் கையில். அமையாவிட்டால் அவள் காலம் முழுக்க வெங்காயம் வெட்டலாம்.

அதற்குப் பிறகு, கொழுந்தை இறக்கிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் லொறி பங்களாப் பக்கம் திரும்பியது. துஷாந்த் அதற்குக் காரணம் எதுவும் யோசிக்கவில்லை. யோசித்தால் வெட்கமாக இருந்திருக்கும்.

“மொத நாளே பெருசா எரிக்கக் கூடாது,” என்றாள் அவள். “விளிம்புல கம்பளிப் பட்டி இருக்கில்ல, அது நல்லா ஒட்டணும். சின்ன நெருப்பு.”

“பச்சப் புள்ளைய வளக்குற மாதிரியில்ல இருக்கு.”

“அணைக்கவும் தண்ணி கூடாது. மேலயும் கீழயும் மூடினா காத்தில்லாம அதுவா அணைஞ்சிரும். மிச்சக் கரி நாளைக்கு ஆகும். ஆறுன பொறகு துவாரத்தத் தொறந்து வைக்கணும். இல்லாட்டி இந்தப் பனிக்கு உள்ள பூஞ்சணம் புடிக்கும்.”

“மூடியத் தொறக்கவும் சட்டம் இருக்கா?”

“இருக்கு. கொஞ்சமாத் தூக்கி, நிறுத்தி, அப்புறந்தான் தொறக்கணும். டக்குன்னு தொறந்தா நெருப்பு மூஞ்சிக்கு வரும்.”

“மண்ணெண்ண?”

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். “பீங்கான் குடிச்சிரும். அப்புறம் சமைக்கிறதெல்லாம் மண்ணெண்ண நாறும்.”

“லயத்துல நாங்க எல்லாம் மண்ணெண்ண ஊத்தித்தான் பத்த வைக்கிறோம். செத்தா போயிட்டோம்?”

“உங்க வீட்டுச் சோறு நான் சாப்பிட்டதில்லைங்க.”

“வந்து சாப்பிடுங்களேன்...”

அவள் குனிந்து சாம்பலை வாரினாள். காது மட்டும் சிவந்த மாதிரி இருந்தது. நெருப்புச் சூடாகவும் இருக்கலாம்.

முதலாளி வருவதற்கு முந்திய நாள், சனிக்கிழமை. இரண்டு மணிக்குக் குகநேசன் அந்த அடுப்பில் வாட்டிய கோழியை ருசி பார்ப்பதாக ஏற்பாடு. காலையில் அவள் இறைச்சி வாங்க அட்டனுக்குப் போயிருந்தாள். திரும்பும் வழியில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது என்று கடைத்தெருவில் யாரோ சொன்னார்கள். துஷாந்த் பங்களாவுக்குப் போனான். சமையல்கட்டில் யாரும் இல்லை. அடுப்பு குளிர்ந்து கிடந்தது. அவள் வருவதற்குள் நெருப்பு தயாராக இருந்தால்... அவள் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டான். அவ்வளவுதான்.

கரி நமுத்திருந்தது. ஒரு பெட்டி நெருப்புக்குச்சி தீர்ந்தது. லொறி ஆசனத்துக்குக் கீழே ஒன்றரைப் போத்தல் மண்ணெண்ணெய் இருந்தது. ஊற்றினான். குப்பென்று பிடித்தது. வாசமும் எரிந்து போய்விட்டது என்று நம்பிக்கொண்டு, மூடியைச் சாத்திவிட்டு, மிச்சக் கொழுந்தை இறக்கப் போனான்.

இரண்டரைக்குத் திரும்பி வந்தபோது குகநேசனின் குரல் முற்றம் வரை கேட்டது. அதற்குள் அவள் எப்படியோ வந்து சேர்ந்து, எரிந்துகொண்டிருந்த நெருப்பிலேயே கோழியை வாட்டியிருந்தாள்.

“வாயில வைக்கேலாது. மண்ணெண்ணெய் மணக்குது. ஆர் ஊத்தினது?”

“நான் ஊத்தல சேர்.”

“அப்ப பேயே ஊத்தினது? நீ கேட்டுத்தானே உந்த அடுப்பை வாங்கினது. நான் நுவரெலியாவுக்கு ஃபோன் எடுத்திட்டன். நாளைக்கு அங்கயிருந்து ஒரு சமையல்காரர் வருவார். நீ அவருக்கு வெங்காயம் வெட்டிக் குடு.”

துஷாந்த் வாசலுக்கு வெளியே நின்றான். வேலை நேரத்தில் லொறியைப் பங்களாவில் நிறுத்துகிறான் என்று கண்டாக்கையா ஏற்கனவே ஒரு தடவை எச்சரித்திருந்தார். இரண்டாவது தடவை என்றால் லொறி போய்விடும், மலையில் மருந்தடிக்க வேண்டியதுதான். அதைவிட, அவள் சொன்னதைக் கேட்காமல் போனேன் என்று அவள் முன்னாலேயே சொல்ல வேண்டும்... சத்தமில்லாமல் திரும்பிப் போய் லொறியில் ஏறினான். சாவியைப் போட்டான். எஞ்சின் பிடித்தது. கை கியருக்குப் போகவில்லை. பிறகு அணைத்துவிட்டு மழையில் இறங்கினான்.

“நான்தான் ஊத்துனேன்.”

குகநேசன் திரும்பினார். “நீ ஆர்?”

“கொழுந்து லொறி டிரைவருங்க. இவங்க வர்றதுக்குள்ள நெருப்பு ரெடியா இருக்கட்டும்னு நெனச்சேன். மண்ணெண்ண கூடாதுன்னு இவங்க சொல்லியிருந்தாங்க. நான் கேக்கல.”

“தோட்டத்து டிரைவருக்கு எங்கட அடுப்பில என்ன வேலை?”

“அடுப்புல ஒரு வேலையும் இல்லைங்க.” நிறுத்தினான். “நான் இவங்களப் பாக்கத்தான் வர்றேன். ஒரு மாசமா.”

குகநேசன் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். நாகலெட்சுமி யாரையும் பார்க்கவில்லை.

“சேர், ஆறரை வரைக்கும் டைம் குடுங்க,” என்றாள். “இந்தக் கரியெல்லாம் கொட்டிட்டு, புதுக் கரி போட்டு, மேலயும் கீழயும் தொறந்துவிட்டு முழுச் சூட்டுல எரிச்சா குடிச்ச மண்ணெண்ண வெளிய போயிரும். பட்டி கருகினா கருகட்டும், வேற ஒட்டிக்கலாம்.”

“ஆறரைக்கு ஒரு துண்டு கோழி. அதுவும் மணந்தால் நுவரெலியா ஆள்தான்.” அவர் துஷாந்தின் பக்கம் திரும்பினார். “உன்ர கண்டாக்குக்கு நான் சொல்லத்தான் வேணும்.”

“சொல்லுங்க சேர்.”

நான்கு மணி நேரம். அவன் பழைய கரியைத் தகர வாளியில் அள்ளினான், அவள் புதியதை அடுக்கினாள். உச்சித் துவாரத்தில் முதலில் கறுப்பாகப் புகை வந்தது, பிறகு சாம்பல் நிறமாக, பிறகு வெறும் வெக்கை மட்டும். மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

ஆறரைக்குக் குகநேசன் வந்தார். ஒரு துண்டு தின்றார். இன்னொன்றை எடுத்தார். எலும்பைக் கூடையில் போட்டுவிட்டு ஃபோனில் யாரிடமோ, “நாளைக்கு ஆள் தேவையில்லை, எங்கட ஆளே சமைக்கும்,” என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

அவள் மேல் துவாரத்தை மூடினாள். குனிந்து கீழ்க் கதவையும் சாத்தினாள்.

“நீங்கதான்னு எனக்கு மத்தியானமே தெரியும்,” என்றாள், நிமிராமல்.

“எப்படி?”

“மூடியத் தொறந்தப்ப விளிம்புல வாடின கொழுந்து ஒண்ணு ஒட்டியிருந்திச்சு. எனக்காகப் பத்த வச்சிட்டுப் போயிருக்கீங்கன்னு சந்தோசமாக்கூட இருந்திச்சு... சேர் கோழிய வாயில வைக்கிற வரைக்கும்.”

“அப்ப சேர்கிட்ட ஏன் சொல்லல? உங்க வேலையில்ல போயிருக்கும்.”

“நீங்களா வந்து சொல்றீங்களான்னு பாத்தேன். நுவரெலியா ஆளு வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லியிருப்பேன். வேலைய எதுக்கு விடணும்?”

“சரிதான்.”

“ஆனா அதுக்கப்புறம் உங்ககூடப் பேசியிருக்க மாட்டேன்...” அவள் நிறுத்தினாள். ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பேச்சுத் தடுமாறியது. “அதான் நாலு மணி நேரமா வாயத் தொறக்கல. நீங்க அந்த வாசல்ல வராமப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சா... எனக்கு இப்பவும் பயமா இருக்குங்க.”