காப்புக்காட்டில் ஒரு சுற்று

இரண்டாம் தடவை அது கத்தியபோது, மயில் இல்லை என்று தேவமணிக்குத் தோன்றியது. மயிலின் கத்தல் முடிகிற இடத்தில் வெட்டினாற்போல நின்றுவிடும். இது நிற்கவில்லை. மூச்சு வாங்கி, விக்கி, மறுபடி தொடங்கியது. அவள் நடையை நிறுத்திவிட்டு முந்தானையோடு மார்பை அழுத்திக்கொண்டாள். பால் கட்டிக் கனத்தது.

"என்னங்க, பிள்ளை அழுத மாதிரி இல்ல?"

முன்னால் போன ஜஸ்டஸ் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "காட்டுக்குள்ள எந்தப் பிள்ளை வந்து அழப்போகுது? மயிலுதாம்ட்டி. இங்கன நெறையக் கெடக்கு."

மகள் ஞானரத்தினம் பிறந்த நாளிலிருந்து தேவமணி கோயிலுக்குப் போக மட்டும்தான் வீட்டு வாசலைத் தாண்டியிருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளை தூங்கும்போதும் தூங்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பயந்துபோன ஜஸ்டஸ்தான், புளியங்குடி ரோட்டில் பாரஸ்ட்காரர்கள் காப்புக்காட்டுக்குள் நடக்கப் பாதை போட்டிருக்கிறார்கள், ஒரு சுற்று நடந்துவிட்டு ஆறு மணி பஸ்ஸுக்குத் திரும்பிவிடலாம் என்று கிளப்பினான். பக்கத்து வீட்டு ஆயிஷம்மாள் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டாள். "நீ போயிட்டு வா மக்கா. நான் பாத்துக்கிடுதேன்."

கேட்டில் இருந்த வாட்சர் செல்லச்சாமியும் ஒன்றும் பயமுறுத்தவில்லை. "ஒரே பாதைதான் அண்ணாச்சி. எங்கயும் பிரியாது. வட்டமாப் போயி இந்தக் கேட்டுலயே கொண்டாந்து விட்டுரும்."

பாதையும் அப்படித்தான் இருந்தது. ஏற்றமில்லை, இறக்கமில்லை. இருபுறமும் உடைமரங்கள் அடர்ந்து நின்றன. அவற்றின் மஞ்சள் பூவாசம் வெயிலில் காய்ந்த ஆட்டுப்புழுக்கை நாற்றத்தோடு கலந்து வந்தது. ஒரு வறண்ட ஓடையின் மேல் சின்னக் கல்பாலம். பாலத்தை ஒட்டி, ஆடு கடிக்காமலிருக்கத் தார் டின்னைக் கிழித்துக் கூண்டாக வளைத்து, அதற்குள் ஒரு வேப்பங்கன்று நட்டிருந்தார்கள். இரண்டே இரண்டு இலைக்கொத்து. தேவமணி குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். மேற்கே சூரியன் மலையின் முதுகைத் தொடப்போகிற மாதிரி நின்றது. ரோட்டில் லாரி போகிற இரைச்சல் கேட்டது. கேட் பக்கம்தான் என்று ஜஸ்டஸ் சொன்னான். நடந்தார்கள். உடைமரம் விலகி, பாதை வளைந்து, கேட் வரவேண்டிய இடத்தில் கல்பாலம் வந்தது.

"இன்னொரு பாலமா இருக்கும்" என்றான் ஜஸ்டஸ்.

பாலத்தை ஒட்டி அதே தார் டின். அதற்குள் நின்ற வேம்பு தேவமணியின் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது.

அப்போது முள்ளுக்கு அந்தப்புறம், வெகு பக்கத்தில், ஒரு சின்னக் குழந்தை கூப்பிட்டது. "ம்மா. ம்மா." இப்போதுதான் பேசப் பழகுகிற குரல். அதோடு யாரோ ஒரு பெண் தேற்றுகிற முணுமுணுப்பு. தேவமணியின் ரவிக்கை தானாக நனைந்தது.

"வீட்டுக்குப் போகணும்" என்றாள். "இப்பவே போகணும்."

ஜஸ்டஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். "நீ இங்கனயே நில்லு. லாரிச் சத்தம் இந்தப் பக்கந்தான் கேக்குது. நான் வழி பாத்துட்டுக் கூப்பிடுதேன்." முள்ளை விலக்கிக்கொண்டு வலதுபுறமாக உள்ளே போனான். சுள்ளி முறிகிற சத்தம் தள்ளித் தள்ளிப் போயிற்று. பிறகு அதே சத்தம் அவளுக்கு இடதுபுறம் நெருங்கி வந்தது. புதரைப் பிளந்துகொண்டு ஜஸ்டஸ் வெளியே வந்தான். சட்டை கிழிந்திருந்தது. கன்னத்தில் ரத்தம்.

"நேராத்தான் போனேன் மணி." கன்னத்து ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தான். "திரும்பவே இல்ல. ஆண்டவர் சத்தியமா நேராத்தான் போனேன்."

ஓடினார்கள். பாதை வளைந்தது. வளைந்துகொண்டே இருந்தது. சூரியன் மலை முதுகில் அதே இடத்தில் நின்றது. நிழல் ஒரு விரற்கடைகூட நீளவில்லை. மறுபடியும் பாலம். ஒரு பக்கக் கைப்பிடிச் சுவர் இடிந்து ஓடைக்குள் கிடந்தது. வேம்பு பெரிய மரமாகித் தார் டின்னைப் பிளந்திருந்தது. துருப்பிடித்த தகரத்தின் விளிம்பு பட்டைக்குள் புதைந்திருந்தது. ஜஸ்டஸ் அந்த விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்தான்.

அப்போது கேட் பக்கமிருந்து ஓர் இளம்பெண்ணின் குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது.

"அம்மா! அப்பா! நான் ஞானம் வந்திருக்கேன். ஆயிஷம்மா போன வெள்ளிக்கிழமை மவுத்தாயிட்டாவ. மூச்சு நிக்கப்போற நேரத்துலதான் சொன்னாவ, நீங்க இந்தக் காட்டுக்குள்ள போயித் திரும்பலேன்னு. இம்புட்டு நாளும் மெட்ராஸ்ல இருக்கியன்னு சொல்லி வளத்தாவ. உள்ள இருக்கியளாம்மா?"

தேவமணி வேம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அந்தக் குரலில் தன் அம்மாவின் சாயல் இருந்தது. மதியம் புறப்படும்போது அந்தப் பிள்ளைக்குத் தலைகூட முழுசாய் நிற்கவில்லை.

"சத்தமே இல்ல. நான் உள்ள வந்து பாக்கேன்" என்றது குரல்.

"வராத!" தேவமணி கத்தினாள். "வராத மக்கா! உள்ள வராத! ஓடிரு!"

ஜஸ்டஸும் எழுந்து கத்தினான். இரண்டு பேரும் சேர்ந்து, தொண்டை கிழியக் கத்தினார்கள். முள்ளில் மோதிக் கைகளைக் கிழித்துக்கொண்டார்கள்.

இரும்புக் கேட் கிரீச்சிட்டுத் திறந்தது. பிறகு சாத்திக்கொண்டது.

லாரிச் சத்தம் நின்றுபோயிற்று.

மயில் இல்லை. காற்று இல்லை. வேப்பிலை ஒன்றுகூட அசையவில்லை.

"ஞானம்" என்று தேவமணி கூப்பிட்டாள். "ஞானம்!"

அவர்களுக்கு ஒரு நிமிஷம் போயிருக்கும். அதற்குமேல் இல்லை. ஜஸ்டஸ் அவள் கையைப் பிடித்தான். இருவரும் பாதையின் வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

காலடி.

வெறுங்கால். மண்ணில் இழுத்து இழுத்து வைக்கிற காலடி. நிற்கும். ஓர் இருமல். மறுபடி வரும்.

வளைவில் உடைமரக் கிளை ஒதுங்கியது.

ஒரு கிழவி. முதுகு வளைந்தவள். தலையில் கொஞ்சம் வெள்ளை முடி. மேலே சுற்றியிருந்தது சேலையா சாக்கா, தெரியவில்லை. காலெல்லாம் முள் கீறிய தழும்பு, தழும்பின் மேல் தழும்பு. இந்தப் பாதையிலேயே நடந்து நடந்து தேய்ந்த கால்.

அவள் தலையை நிமிர்த்தினாள். ஜஸ்டஸின் மூக்கு. தேவமணியின் கண்.

தேவமணி ஓரடி பின்வாங்கினாள். தன்னையறியாமல் பின்வாங்கினாள். கிழவி அதைப் பார்த்தாள். பார்த்தும் முகம் மாறவில்லை. அந்த முகத்தில் கோபமில்லை, கேள்வியில்லை. பசி மட்டும் இருந்தது.

பல்லில்லாத வாய் திறந்தது.

"தூக்கும்மா."

சுருங்கிய இரண்டு கைகளும் மெல்ல மேலே உயர்ந்தன. விரல்கள் விரிந்து மூடின. விரிந்து மூடின.