ஆளுக்குப் பத்து மார்க்

அந்த வீட்டில் எதையும் பேசித் தீர்க்க மாட்டார்கள். மார்க் போட்டுத்தான் தீர்ப்பார்கள்.

ஆளுக்குப் பத்து மார்க். துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போட வேண்டும். சுவருக்கு என்ன நிறம் அடிப்பது, டி.வி.யை எந்த மூலையில் வைப்பது, ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவுவது யார், எல்லாமே அந்த டப்பாவுக்குள்தான் முடிவாகும். பாத்திரம் கழுவும் போட்டியில் அப்பா மூன்று வருஷமாகத் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தார்.

சீட்டுகளை எண்ணும் அதிகாரி பொடிசு. வயது பத்து. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் இரண்டு காதும் தக்காளி மாதிரி சிவந்துவிடும். அதனால்தான் அந்தப் பதவி.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களை எல்லாம் நோகாமல் மாடிக்கு ஏற்றிவிடுவார். ஆனால் அவர்கள் வீடு மூன்றாவது மாடியில், அந்தக் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது. அம்மா பல் கட்டும் கூடத்தில் வேலை பார்த்தாள். யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைப் பார்ப்பாள், அப்புறம்தான் முகம்.

அக்காவுக்குப் பதினாறு வயது. அவளுக்கு ராணுவக் கல்லூரியில் சேர வேண்டும். நேற்று வந்த ஆசை இல்லை. பொடிசு நடக்கப் பழகிய நாளிலிருந்தே அக்கா தளபதி. படை முழுவதும் பொடிசு ஒருத்திதான்.

பொடிசுக்கு அந்த நாட்கள் நன்றாக ஞாபகம் இருந்தன. பத்து வயதில் என்ன பெரிய பழைய ஞாபகம் என்று சிரிக்காதீர்கள். நான்கு வயதில் நடந்தது பத்து வயதுக்கு ரொம்பப் பழசுதான்.

தலையில் பால் காய்ச்சும் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு படை மூன்று மாடிப் படியும் இறங்கும். படைக்கு இடது எது, வலது எது என்று தெரியாது. தளபதி யோசித்தாள். படையின் இடது காலில் மட்டும் சிவப்பு சாக்ஸ் மாட்டிவிட்டாள்.

"சிவப்பு! வெறுங்கால்! சிவப்பு! வெறுங்கால்!"

கீழ்வீட்டுத் தையல்காரர் கதவைத் திறந்து சல்யூட் அடிப்பார். மத்தியானம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இரண்டு பேரும் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தெருவில் போகும் பஸ்களை எண்ணுவார்கள். ஒவ்வொரு கோடையும் அப்படித்தான் போனது. பெரிதாக ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததுதான் நன்றாக இருந்தது.

இந்தக் கோடை அப்படி இல்லை. ராணுவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் தலைமைப் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய்விட்டு வரும்படி பள்ளி ஆசிரியை சொல்லிவிட்டார். சாப்பாட்டு மேஜையில் மூன்று கையேடுகள் கிடந்தன. மூன்றும் லீவின் முதல் நாளே தொடங்குகின்றன. ஒன்றுக்குத்தான் போக முடியும்.

முதலாவதற்கு வீட்டில் வைத்த பெயர் 'கூடாரம்'. ராணுவக் கல்லூரி மைதானத்திலேயே ஆறு நாள். விடியற்காலையில் விசில், ஓட்டம், கயிறு ஏறுதல்.

இரண்டாவது 'ஓட்டல்'. பெரிய நகரத்தில், ஓட்டல் கூடத்தில் பத்து நாள் சொற்பொழிவு. முடிவில் தங்க விளிம்பு போட்ட சான்றிதழ்.

மூன்றாவது 'ஏரி'. ஏரிக்கரையில் சின்னப் பிள்ளைகள் வந்து தங்கும் முகாம். ஒரு பெரிய பெண்ணின் பொறுப்பில் எட்டுச் சின்னப் பிள்ளைகள். மொத்தம் நான்கு வாரம்.

"ஓட்டல்தான்," என்றார் அப்பா. "சான்றிதழைப் பார்த்தியா? ஃபிரேம் போட்டு மாட்டினா கூடத்துக்கே ஒரு களை வந்துடும். ஆணி கூட அடிச்சாச்சு."

உண்மையாகவே அடித்திருந்தார்.

"பத்து நாள் உட்கார்ந்தே இருக்கணும்பா," என்றாள் அக்கா.

"உட்கார்றது என்ன கஷ்டமா? நான் ஏங்கிட்டு இருக்கேன், உட்கார ஒரு நாள் கிடைக்காதான்னு!"

"ஏரிக்குப் போகட்டும்," என்றாள் அம்மா. "பிள்ளைங்களை மேய்க்கிற வேலை. அவளுக்குப் பத்து வருஷ அனுபவம் இருக்கு."

"நான் என்ன ஆடா?" என்றாள் பொடிசு.

"ஆடு சொன்னா கேக்கும்," என்றாள் அக்கா.

பிறகு அக்கா ராணுவக் கல்லூரி விண்ணப்பத்தை எடுத்து நான்காவது பக்கத்தைக் காட்டினாள். அங்கே ஒரு கேள்வி இருந்தது: 'நீங்கள் பொறுப்பேற்று நடத்திய காரியம் ஒன்று தவறாகப் போனபோது என்ன செய்தீர்கள்?' அதற்குக் கீழே ஒரு முழுப் பக்கம் காலியாக இருந்தது.

"ஒரு வாரமா இதைப் பார்த்துட்டே இருக்கேன்," என்றாள் அக்கா. "எழுத ஒண்ணுமே இல்லை. கூடாரத்துல எல்லாத்தையும் அவங்களே நடத்துவாங்க, நான் ஓடினா போதும். ஓட்டல்ல கை தட்டினா போதும்."

"ஏரியில?" என்றாள் அம்மா.

"எட்டுப் பிள்ளைங்க, நாலு வாரம்."

"ஐயோ," என்றாள் பொடிசு. "மத்தியானத்துக்குள்ள ஒண்ணு காணாமப் போயிடும்."

அக்கா சிரித்தாள். சிரித்தபோதும் அவள் கண் ஏரிக் கையேட்டின் மேல் இருந்தது. பொடிசு அதைக் கவனித்தாள். கவனித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் படியில் உட்கார்ந்திருந்தபோது பொடிசு விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்.

"அக்கா, லீவு எத்தனை வாரம்?"

"அஞ்சு."

"ஏரி நாலு வாரம்."

"ஆமா."

"அடுத்த வருஷம் நீ ராணுவக் கல்லூரிக்குப் போயிடுவே."

"எடுத்துக்கிட்டாங்கன்னா."

"அப்போ எனக்கு மிச்சம் ஒரே ஒரு வாரம். அவ்வளவுதானா? அப்பா லிஃப்ட்டுக்குப் போயிடுவார், அம்மா பல்லுக்குப் போயிடுவாங்க. நான் வாஷிங் மெஷினோட பேசிட்டு இருக்கணுமா?"

அக்கா பொடிசின் ஷூ மேல் ஒட்டியிருந்த புல்லைக் கிள்ளிப் போட்டாள். பிறகு, "நாளைக்கு மார்க் போடும்போது பார்த்துக்கலாம்," என்று எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டப்பா மேஜைக்கு வந்தது. திங்கட்கிழமை முகாமுக்கான விண்ணப்பத்தைத் தபாலில் சேர்த்தாக வேண்டும். நான்கு பேரும் நான்கு மூலைக்குப் போய்க் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். அப்பா எழுதும்போது நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பொடிசு யோசிக்கவே இல்லை. 'கூடாரம் 10' என்று எழுதிப் போட்டாள். ஆறு நாள்தானே. ஆறு நாள் பொறுத்துக்கொள்ளலாம்.

பிறகு எண்ணும் அதிகாரி சோபாவில் ஏறி உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள்.

"அப்பா. ஓட்டல் எட்டு, ஏரி ரெண்டு."

"சத்தமா ஏன்டி பேரைச் சொல்றே? ரகசிய ஓட்டு இது!"

"உங்க சீட்டுல கிரீஸ் இருக்குப்பா. அம்மா. ஏரி ஒன்பது, கூடாரம் ஒண்ணு. அப்புறம் நான். கூடாரம் பத்து."

கடைசிச் சீட்டு அக்காவுடையது. பிரித்தாள்.

கூடாரம் 10.

பொடிசுக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. இருபத்தொரு மார்க்! கூடாரம் ஜெயித்துவிட்டது. அறிவிக்க வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள்.

அக்கா பென்சிலை அழுத்தி எழுதுகிறவள். அவள் எழுதினால் நோட்டில் அடுத்த மூன்று பக்கத்திலும் பள்ளம் விழும். சீட்டில் அதற்குக் கீழே 'ஏரி' என்றும் ஒரு வரி இருந்தது; அதற்கு எதிரே ரப்பர் தேய்த்த அழுக்கு இருந்தது. பொடிசு சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். அழிந்த இடத்தில் பள்ளம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பத்து.

"என்ன, அதிகாரி தூங்கிட்டாங்களா?" என்றார் அப்பா.

பொடிசு அக்காவைப் பார்த்தாள். அக்கா மும்முரமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

'கூடாரம் இருபத்தொன்று' என்று சொன்னால் போதும். அது பொய்கூட இல்லை. காது சிவக்காது. கோடை முழுவதும் கையில் இருக்கும்.

ஆனால் கோடை முடிந்த பிறகும் அந்த நான்காவது பக்கம் காலியாகவே இருக்கும்.

பொடிசு கீழே குனிந்து, தான் உட்கார்ந்திருந்த சோபாவைப் பார்த்தாள். அது கத்தரிக்காய் நிறச் சோபா. அதை வாங்கிய அன்று அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்து அப்பா அதற்குப் பத்து மார்க் போட்டார். அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்து அம்மா பத்து மார்க் போட்டாள். வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அது இரண்டு பேருக்குமே பிடிக்காது. ஆறு வருஷமாக எல்லோரும் அதன் மேல் போர்வை போட்டுக்கொண்டு வாழ்கிறார்கள்.

"அக்காவோட ஓட்டு செல்லாது," என்றாள் பொடிசு.

"ஏன்?" என்று நிமிர்ந்தாள் அக்கா.

"அடுத்தவங்களுக்காக மார்க் போடக் கூடாது. புது விதி."

"எப்போ வந்தது இந்த விதி?"

"இப்போதான். சோபாவுல உட்கார்ந்ததும் வந்தது."

அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா மெதுவாகப் போர்வையை இழுத்துச் சரி செய்தார்.

"நான் எனக்காகத்தான் போட்டேன்," என்றாள் அக்கா.

"பள்ளம் தெரியுது. ஏரிக்குப் பத்து போட்டு அழிச்சிருக்கே. நேத்து நான் படியில புலம்பினேன்ல, அதுக்காக." பொடிசின் குரல் கொஞ்சம் ஆடியது. ஆனாலும் விடவில்லை. "என் ஓட்டும் செல்லாது. நீ எனக்காகப் போட்டே. நானும் எனக்காகத்தான் போட்டேன். உனக்குன்னு யாருமே போடலை."

"நான் போட்டேனே!" என்றார் அப்பா.

"நீங்க ஆணிக்காகப் போட்டீங்க."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தார். "சரி, அதுல காலண்டரை மாட்டிக்கலாம்," என்றார் சின்னக் குரலில்.

பொடிசு புதிதாக ஒரு சீட்டைக் கிழித்து அக்காவிடம் நீட்டினாள்.

அக்கா அதை வாங்கவில்லை. "நாலு வாரம்டி," என்றாள்.

"எனக்கு எண்ணத் தெரியும். நான்தானே அதிகாரி."

"வாஷிங் மெஷினோட என்ன பேசுவே?"

"அது என்னை ஆடுன்னு சொல்லாது. எழுதுக்கா."

அக்கா எழுதினாள். மேஜையில் ஓட்டை விழும் அளவுக்கு அழுத்தி எழுதினாள். பொடிசும் புதுச் சீட்டில் எழுதினாள். அவளுக்குக் கை வலிக்கவில்லை. வேறு எங்கோ கொஞ்சம் வலித்தது.

"ஏரி முப்பத்தொண்ணு," என்று அறிவித்தாள். குரல் உடையாமல் சொன்னதில் அவளுக்கே ஆச்சரியம்.

லீவின் முதல் நாள் அக்கா பஸ் ஏறினாள். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. முதல் நாள் பொடிசு தொட்டி நிழலில் தனியாக உட்கார்ந்து பஸ் எண்ணிப் பார்த்தாள். பதினேழாவது பஸ்ஸிலேயே அலுத்துவிட்டது. இரண்டாவது நாள் அங்கே போகவில்லை. மூன்றாவது நாள் கீழ்வீட்டுத் தையல்காரரின் கடையில் பொத்தான்களை நிறம் பிரித்துக் கொடுத்தாள். பரவாயில்லை என்று இருந்தது. அவ்வளவுதான், பரவாயில்லை.

ஏரியில் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை முகாம் அலுவலகத்திலிருந்து ஐந்து நிமிஷம் பேசலாம். முதல் ஞாயிறு போன் அடித்ததும் பொடிசு பாய்ந்து எடுத்தாள்.

"பொடிசு, நீயா? நல்லதாப் போச்சு. அம்மாகிட்ட அப்புறம் கொடு," என்றாள் அக்கா. மூச்சு வாங்கினாள். "என் கூட்டத்துல ஒரு வாண்டு இருக்கான். வந்த நாள்லேர்ந்து அழறான். கதை சொன்னேன், நிக்கலை. திட்டினேன், ஜாஸ்தியாச்சு. அவனைப் பார்த்து இன்னொண்ணும் அழ ஆரம்பிச்சிடுச்சு. ஒரு கேள்வி கேக்கறேன், யோசிச்சுச் சொல்லு. நீ சின்னதுல அழுதா நான் என்ன பண்ணுவேன்? எனக்கு ஞாபகமே இல்லை."

பொடிசுக்கு ஞாபகம் இருந்தது. யோசிக்கவே தேவையில்லை.

"நீ ஒண்ணுமே சொல்ல மாட்டே. ஏன் அழறேன்னு கேக்கவே மாட்டே. எனக்கு ஒரு வேலை கொடுப்பே."

"வேலையா? என்ன வேலை?"

"ஏதாவது. டார்ச் லைட்டைப் பிடிச்சுக்கோம்பே. சாவியைப் பத்திரமா வெச்சுக்கோம்பே. தொலைஞ்சா எல்லாரும் வெளியிலதான் நிக்கணும்னு பயமுறுத்துவே. சாவியைப் பார்த்துக்கிட்டே இருப்பேனா, அழறது மறந்துடும்."

அந்தப் பக்கம் யாரோ அலுவலகக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"படகுக் கொட்டகைச் சாவி இருக்கு," என்றாள் அக்கா மெதுவாக. "ரொம்பப் பெரிய சாவி."

"அதைக் கொடு. கயிறு கட்டிக் கழுத்துல மாட்டி விடு. ஆனா கொட்டகைக்கு வேற பூட்டு போட்டுக்கோ."

"சரி, அதிகாரி," என்றாள் அக்கா. "அடுத்த ஞாயித்துக்கிழமை இதே நேரத்துக்கு இரு. இன்னும் ஏழு பேர் இருக்காங்க."

அதற்குள் ஐந்து நிமிஷம் முடிந்து இணைப்பு அறுந்தது. அம்மா சோப்புக் கையோடு சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"வெச்சிட்டாளா? என்கிட்ட கொடுக்கவே இல்லையே! சாப்பிடறாளாமா? பல் தேய்க்கறாளாமா? அப்படி என்னதான் பேசினீங்க ரெண்டு பேரும்?"

பொடிசு ரிசீவரை அதன் இடத்தில் நேராக வைத்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"ராணுவ விஷயம்மா. வெளியில சொல்லக் கூடாது."