பரிசீலனையில் இருக்கும் தீவு

செவ்வாய்க்கிழமை காலைகளில் ஆளுநரின் வலது மணிக்கட்டுக்கு எண்ணெய் போடுவது கோரின் அப்பாவுவின் வேலை. சாந்த்ரோஸ் தீவின் நாடாளுமன்றச் செயலர் என்ற முறையில் அது அவளிடம் வந்திருந்தது. ஆளுநர் கையை நீட்டுவார். அவள் மூட்டைத் திறந்து இரண்டு சொட்டு விடுவாள். நன்றி சொல்லிவிட்டு அவர் கையெழுத்துப் போடத் தொடங்குவார்.

கரீபியக் கடலில் இருந்த அந்தத் தீவு தன்னைத் தானே ஆண்டுகொண்டது, பெரும்பாலும். மக்கள் தேர்ந்தெடுத்த இருபத்தோரு உறுப்பினர்கள், அவர்களுக்குள்ளிருந்து ஒரு பிரதமர், ஏழு அமைச்சர்கள். பள்ளி, குடிநீர், வரியெல்லாம் அவர்கள் கையில். படையும் வெளியுறவும் மட்டும் கடல் கடந்த பேரரசிடம். ஒருகாலத்தில் அரசரின் பிரதிநிதியாக மனிதர்கள் கப்பலேறி வந்து, வெயில் தாங்காமல் திரும்பிப் போனார்கள். பிறகு பேரரசு ஓர் 'ஒப்பமி'யை அனுப்பி வைத்தது. சட்டங்களைப் படித்து ஒப்பமிடும் இயந்திரம் அது. அதைத்தான் இப்போது எல்லாரும் ஆளுநர் என்று அழைத்தார்கள்.

முந்தைய ஆண்டுப் புயலில், தெற்குக் கரையில் கோரினின் தம்பி குடியிருந்த மீனவர் பகுதி கடலோடு போயிற்று. பதினொரு பேர் இறந்தார்கள். தம்பி ஒரு காலை இழந்து பிழைத்தான். பக்கத்துத் தீவிடம் புயல்வலை இருந்தது. கடல்நீரைக் குளிரவைத்துப் புயலின் வேகத்தைத் தணிக்கும் மிதவைகளின் வரிசை அது. ஒப்பந்தம் போட்டால் இங்கும் விரித்துத் தருவார்கள். ஆனால் அது வெளியுறவாயிற்றே. எட்டு மாதங்களில் ஆளுநர் வழியாகப் பேரரசுக்கு ஒன்பது விண்ணப்பங்கள் போயின. ஒன்பதுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலே வந்தது. புயல் பருவத்துக்கு ஐந்து வாரங்களே இருந்தன.

அன்று எண்ணெய்ப் புட்டியை மூடும்போது கோரினுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இதை இதுவரை யாரும் கேட்கவில்லையே என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

"ஐயா, நம்ம விண்ணப்பத்தை அங்க யாரு பாக்குறாங்க?"

"அங்கே யாரும் பார்ப்பதில்லை," என்றார் ஆளுநர். "இங்கேதான் இருக்கிறது."

முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன்பே பேரரசு தன் அதிகாரம் முழுவதையும் தீவுக்கு விட்டுக்கொடுத்து ஒரு கடிதம் எழுதியிருந்தது. ஆளுநர் அதை அவைக்கு அனுப்பினார். அவை அதை ஆராய ஒரு குழு அமைத்தது. குழு இன்னும் ஆராய்ந்துகொண்டிருந்தது. உறுப்பினர்கள் மாறினார்கள், கோப்பை யாரும் திறக்கவில்லை. குழு முடிவு சொல்லாதவரை எல்லா விண்ணப்பங்களும் பரிசீலனையில்தானே?

கோரின் ஆவணக் காப்பகத்தில் இரண்டு மணிநேரம் தேடி அந்தக் கடிதத்தை எடுத்தாள். உடனே அவையைக் கூட்டச் சொல்லி, கடிதத்தை உரக்கப் படித்தாள். எழுந்து கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள்.

எதிர்க்கட்சித் தலைவி மிரேய் மட்டும் எழுந்தாள்.

"இனிமே வலை அறுந்துபோனா யாரு பதில் சொல்றது?"

பிரதமர் ஒலிவியே அவளை நன்றியோடு பார்த்தார். இருவரும் ஒத்துப்போன முதல் நாள் அது. தற்காலிகமாக எல்லா அதிகாரங்களையும் ஆளுநரிடமே ஒப்படைப்பது என்று தீர்மானம் வந்தது. நாமே முடிவெடுக்கலாம் என்று கோரின் சொல்லிப் பார்த்தாள். செயலருக்கு அவையில் பேச உரிமை இல்லை என்று உட்கார வைத்தார்கள். இருபத்தோரு கைகளும் உயர்ந்தன. முழு விடுதலை நாற்பது நிமிடம் நீடித்தது.

ஆளுநர் ஒரு நொடி யோசித்துவிட்டு வலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். கோரின் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தம்பிக்கான மகிழ்ச்சியா, வேறு ஏதாவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

வெளியே கூட்டம் காத்திருந்தது. வலை தெற்குக் கரைக்கு மட்டும்தானா, வடக்கில் இருப்பவர்கள் மனிதர்கள் இல்லையா என்று மீன் விற்கும் பெண் ஒருத்தி பிரதமரை மறித்தாள். அவர் முகம் பல நாட்களுக்குப் பிறகு தெளிந்திருந்தது.

"நம்ம கையில என்னம்மா இருக்கு?" என்றார். "எல்லாம் மேலிடத்து முடிவு."