முற்றுவிப்பான்

புதுப்பிப்பு முடிந்ததும் மணிக்கட்டிலிருந்த நாடிக்கடிகை ஒருமுறை அதிர்ந்தது. ‘இனி எந்தச் செய்தியும் பாதியில் நிற்காது’ என்ற வரி அதன் வட்டத் திரையில் தோன்றி மறைந்தது.

கடல்நீரைக் குடிநீராக்கும் அந்த ஆலையின் இயக்கக்கூடத்தில் கடைசியாகப் புதுப்பித்துக்கொண்டவள் ஜெசிந்தா. நகரம் ஒரு வாரமாகவே அதில் வாழ்ந்துகொண்டிருந்தது. ஆலை மட்டும் பாதுகாப்புச் சோதனைக்காகக் காத்திருந்தது. சோதனை என்பது, வெளியில் யாரேனும் குறை சொல்கிறார்களா என்று பார்ப்பது. யாரும் சொல்லவில்லை.

“என்னம்மா, போட்டாச்சா?” என்றார் மேலாளர் சிவணைந்தபெருமாள். கூடத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. “எங்க வீட்ல போட்டதுலருந்து சண்டையே இல்ல. அவ என்ன அனுப்புனாலும் எனக்கு நல்ல மாதிரியாத்தான் வருது.”

“மயினி உண்மையிலேயே என்ன அனுப்புனாங்கன்னு பேசியத் தெறந்து பாத்தீங்களா அண்ணாச்சி?”

“நல்லாருக்கதப் போயி எவனாவது தோண்டிப் பாப்பானா?”

பேசியை யாரும் திறப்பதில்லை. செய்தியை வாங்கி மணிக்கட்டுக்குத் தள்ளிவிடும் பெட்டியாக அது பையிலோ இடுப்பிலோ கிடந்தது. இயக்கக்கூடத்துக்குள் அதற்கு அனுமதியும் இல்லை; கருவிகளைக் குழப்பும் என்று, இடைவழியின் கோடியிலிருந்த நிலைப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். குரல் அழைப்போ இறப்புச் செய்திக்கு மட்டும் உரியதாகச் சுருங்கியிருந்தது. பேசி ஒலித்தால், எடுப்பதற்கு முன்பே வீட்டில் யாராவது அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

புதிய பேசிகளுக்கும் பழைய கடிகைகளுக்கும் ஒத்துப்போகாததே எல்லாவற்றுக்கும் தொடக்கம். பேசி ஒவ்வொரு செய்தியின் தலையிலும் அனுப்புநர் பெயர், இடம், பணியாணை, சான்று என்று ஏற்றி அனுப்பியது. கடிகையின் கொள்ளளவு அச்சுமைக்கு அமைந்ததன்று. தலை முழுதாக வந்தது; வால் ஒவ்வொரு முறையும் ஓரிடத்தில் அறுந்தது. பிறமொழியினர் சிலர்க்கு இது சிறு தொல்லையாக இருந்திருக்கலாம். தமிழில் வால்தான் வாக்கியம். செய்தானா, செய்யவில்லையா, செய்யலாமா, செய்யக்கூடாதா என்பதெல்லாம் கடைசி எழுத்துகளில் குடியிருக்கும் மொழியில், நகரம் இரண்டு மாதம் வினைமுற்று இன்றித் தவித்தது. ‘பெண்ணுக்குச் சம்மதம் இ’ என்ற செய்தியை வைத்துக்கொண்டு ஒரு மாப்பிள்ளை வீடு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தது.

கடிகைகளை மாற்றித் தருவதைவிட வாக்கியங்களை முடித்துத் தருவது மலிவு என்று கடிகை நிறுவனம் கண்டது. அந்த மென்பொருளின் பெயர் முற்றுவிப்பான். அறுந்த இடத்திலிருந்து அது எழுதும். எப்படி முடிப்பதென்று, அணிந்திருப்பவரின் பழைய செய்திகளிலிருந்தும் அப்போதைய நாடித்துடிப்பிலிருந்தும் ஊகிக்கும். வினாவாக மட்டும் முடிக்காது. ஐயத்தில் விடப்படும் பயனர் மனநிறைவு கொள்வதில்லை என்பது ஆய்வு முடிவு. ‘உங்கள் இதயம் அறிந்து முடிக்கும்’ என்று விளம்பரம் உண்மையையே சொன்னது. எல்லோரும் அதை அழகுக்காகச் சொன்னதென்று கொண்டனர்.

நண்பகல் கடந்து சிறிது நேரத்தில் வடகுழாயின் விளக்கு சிவந்தது.

கடலடியில் ஆலைக்கு இரண்டு குழாய்கள். ஒன்று நீரை உறிஞ்சும்போது மற்றதைத் துப்புரவு செய்வார்கள். அன்று உறிஞ்சியது வடகுழாய். அதன் வாயில் சொறிமீன் கூட்டம் வந்து அடைத்துக்கொண்டது. கண்ணாடிக்கூழ் போன்ற அந்த உயிர்களைப் பம்புகள் இழுக்க இழுக்க, அவை சல்லடையில் அப்பிக்கொண்டே போயின. நீரோட்டம் காட்டும் முள் சரிந்தது.

“தென்குழாயத் தெறந்து விடும்மா” என்றார் அண்ணாச்சி. “பம்பு வறண்டு ஓடுனா சல்லடை அத்தனையும் கிழிஞ்சிரும். ஊருக்கே தண்ணி கெடையாது.”

ஜெசிந்தாவின் கை மதகின் பிடிக்குப் போகவில்லை. தென்குழாய்க்குள் அன்று காலையில் இறங்கிய குளியாட்களில் ஒருவன் லூர்து, அவள் தம்பி. குழாயின் உட்சுவரில் படிந்த சிப்பியையும் பாசியையும் சுரண்டுவது அவன் வேலை. உள்ளே ஆள் நடமாட்டம் காட்டும் ஒலியுணரிகளையும் சிப்பி மூடியிருந்தது. கூடத்துத் திரையில் தென்குழாய் வெறும் கறுப்பாகத் தெரிந்தது. ஆள் உள்ளே இருக்கும்போது மதகு திறந்தால், பம்புகளின் இழுவை அவனை இரும்புக் கிராதியில் கொண்டுபோய் அறையும். கிராதிக்குப் பின்னால் சுழலிகள்.

“கித்தேரியான் சொல்லட்டும் அண்ணாச்சி.”

கித்தேரியான் படகில் இருந்துகொண்டு குளியாட்களின் கயிற்றைப் பார்ப்பவன். மதகு திறக்கும் முன் அவன் அனுப்ப வேண்டிய வாக்கியம் ஆலையின் விதியிலேயே இருந்தது. பணிக்குழுவினர் அனைவரின் கடிகைக்கும் அது ஒருங்கே வரும்.

கடிகைகள் இரண்டும் ஒரே நொடியில் அதிர்ந்தன.

“அப்பாடா, வந்துட்டு” என்றார் அண்ணாச்சி. “ஆள் இல்லையாம். தெற.”

ஜெசிந்தா தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில், ‘தென்குழாய்க்குள் ஆள் இருக்கிறார்’ என்றிருந்தது.

“அண்ணாச்சி, உங்க கையக் காட்டுங்க.”

அவர் நீட்டினார். ‘தென்குழாய்க்குள் ஆள் இல்லை.’ அவள் தன் கையை அதனருகில் வைத்தாள். அனுப்பியவர் ஒருவர், நேரமும் இடமும் சான்றும் ஒன்றே. வினைமுற்று மட்டும் இரண்டு. இரண்டுக்கும் முதலெழுத்து இகரம்.

அண்ணாச்சியின் முகத்தில் சிரிப்பு மெல்ல வற்றியது. “உன் கடிகைல ஏதோ கோளாறும்மா.”

“ரெண்டும் கோளாறுதான் அண்ணாச்சி. எனக்குப் பயம், அதான் இருக்காருன்னு வருது. உங்களுக்கு அவசரம், அதனால இல்லைன்னு வருது. கித்தேரி என்ன சொன்னான்னு நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாது.”

அவள் கடிகையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். நாடி அகன்றதும் திரை ஒருகணம் தடுமாறி, வந்ததை வந்தவாறே காட்டியது: ‘தென்குழாய்க்குள் ஆள் இ’.

நீரோட்ட முள் இன்னும் இறங்கியது. பம்புகளின் இரைச்சல் மாறி, காற்றை விழுங்கும் ஒலி சேர்ந்தது.

“கேளும்மா, சீக்கிரம் கேளு” என்றார் அண்ணாச்சி. அவர் நெற்றி வேர்த்திருந்தது.

அவள் கடிகையை மறுபடியும் கட்டிக்கொண்டு அதை உதட்டருகில் கொண்டுபோனாள். நடுங்கும் குரலை எழுத்தாக்கும்போது அது பிழையாகக் கேட்டுவிடக் கூடாதே என்று ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, எழுத்துத் தமிழில் சொன்னாள்.

“தென்குழாய்க்குள் ஆள் இருக்கிறாரா?”

படகில் லூர்து சிறிது நேரத்துக்கு முன் நீரிலிருந்து ஏறி, முகக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். இவனோடு இறங்கியவர்கள் மறு படகில் ஏறிச் சாப்பிடக் கரைக்குப் போயிருந்தனர். குழாய் காலியாக இருந்தது. அதைத்தான் கித்தேரியான் சற்று முன்பு, நீர்புகாப் பெட்டிக்குள் இருந்த பேசியின் ஒலிவாங்கியில் சொல்லியிருந்தான்.

லூர்துவின் மணிக்கட்டு அதிர்ந்தது. கடலடியிலிருந்து ஏறியவனின் நாடி தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. களைப்பையும் அச்சத்தையும் பிரித்தறியும் திறன் முற்றுவிப்பானுக்குத் தரப்படவில்லை. வினாவாக முடிக்கும் உரிமையும் அதற்கு இல்லை.

“அண்ணே, இங்க பாருங்க. ‘தென்குழாய்க்குள் ஆள் இருக்கிறார்’. அக்காதான் அனுப்பிருக்கா.”

கித்தேரியான் குனிந்து அவன் கையைப் படித்தான். தன் கையைப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை, அதே செய்திதானே.

“ஏல, எல்லாவனும் சாப்பிடப் போயிட்டானுவளே!”

“என்கூட எறங்குன சவேரி போனானா? நீங்க கண்ணால பாத்தீங்களா?”

“அந்தப் படகுல ஏறுனான்னுதான் நெனச்சேன்.”

“நெனச்சீங்களா?”

“எலே, கூடத்துல இருக்கவங்களுக்கு எப்படித் தெரியும்? உணரிதான் செத்துக் கெடக்கே.”

“காலைல நாந்தாம்ணே ஒண்ணச் சுரண்டுனேன். வேல செய்ய ஆரம்பிச்சிருக்கும். அக்கா சும்மா சொல்ல மாட்டா.” அவன் முகக்கண்ணாடியை இறக்கினான். “சவேரி காத்து இந்நேரம் தீந்திருக்கும்ணே. கயித்தப் புடிங்க.”

அதே வேளையில் ஜெசிந்தா இடைவழியில் ஓடிக்கொண்டிருந்தாள். நான் திரும்பும்வரை மதகைத் தொடக்கூடாது என்று அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தாள். அவர் தொடமாட்டார் என்று நம்ப முடியவில்லை; நம்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை. நிலைப்பெட்டியின் பூட்டு அவள் விரலை இருமுறை மறுத்தது. வியர்வையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை அழுத்தினாள்.

பேசியின் திரையில் அறுபடாத முழுச் செய்தி இருந்தது.

‘தென்குழாய்க்குள் ஆள் இல்லை. லூர்து என் பக்கத்தில் படகில் இருக்கிறான்.’

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். இரண்டாம் முறை, கடைசிச் சொல்லிலிருந்து முதற்சொல்லை நோக்கிப் படித்தாள். எந்த முறையில் படித்தாலும் ஆள் இல்லை. நிலைப்பெட்டியின்மேல் சாய்ந்தாள்.

ஒருமுறை அழைத்து அவன் குரலைக் கேட்டுவிடலாமா என்று தோன்றியது. பெருவிரல் அழைப்புப் பொத்தானின் மேல் நின்றது. நடுக்கடலில் திடீரென்று பேசி ஒலித்தால் அவன் என்ன நினைப்பான்? அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான். இத்தனை தெளிவாக எழுதியிருக்கும்போது அந்த அச்சத்தை அவனுக்குக் கொடுப்பானேன்? அவள் பேசியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத் திரும்பினாள்.

லூர்து நீரில் குதித்தான்.

கித்தேரியானுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதைச் சொல்வதானாலும் ‘இல்ல’ என்றுதான் தொடங்குவான். சாப்பிட்டாயா என்றால், ‘இல்லண்ணே, சாப்பிட்டுட்டேன்’ என்பான். இப்போது ஒலிவாங்கியை வாயருகே இழுத்து அவன் கத்தியதும் அப்படியே தொடங்கியது.

“இல்லக்கா, லூர்து உள்ள இறங்கிட்டான்! மதகத் தெறந்துராதீங்க!”

ஜெசிந்தா கூடத்துக்குள் நுழையும்போது அவள் முகத்தைக் கண்டே அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

“ஆள் இல்ல அண்ணாச்சி. முழுசாப் படிச்சிட்டேன். அவன் படகுலதான் இருக்கான்.”

“நான் சொன்னனா இல்லையா? வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருந்தா இந்நேரம் தெறந்திருக்கலாம். சரி, விடு. ஒரு தம்பிய வச்சிக்கிட்டு நீ படுற பாடு!”

அவள் சிரித்தாள். அன்று முதல்முறையாக மூச்சு அடிவயிறுவரை போய்வந்தது. நாடி இறங்கி நிதானத்துக்கு வந்திருந்தது. பிடியில் கை வைத்த நொடியில் கடிகை அதிர்ந்தது.

‘இல்லக்கா, லூர்து உள்ள இல்லை.’

“பாருங்க, கேட்டதுக்குப் பதிலும் வந்துட்டு” என்று சொல்லிக்கொண்டே அவள் பிடியைக் கீழே இழுத்தாள்.

தென்மதகு திறந்தது. பம்புகளின் தொண்டை நிறைந்தது. சரிந்து கிடந்த முள் துள்ளி எழுந்து, பச்சைக் கோட்டைத் தாண்டி, அங்கேயே நிலைத்தது. அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்து கால்களை நீட்டினார். “இன்னிக்கி ஊரு குளிக்கும்” என்றார்.

படகில், கித்தேரியானின் கைகளுக்குள் தளர்வாக ஓடிக்கொண்டிருந்த கயிறு விறைத்தது. அடுத்த கணம் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு விளிம்புக்குமேல் பாய்ந்தது. அவன் அதை இடுப்பில் சுற்றிக் காலைப் பலகையில் உதைத்துக்கொண்டான். படகின் முகப்பு கீழே தாழ்ந்தது. கயிற்றின் மறுமுனையிலிருந்து முதலில் ஒரு துடிப்பு வந்தது. பிறகு விட்டுவிட்டுப் பல துடிப்புகள். அவன் ஒலிவாங்கியைப் பற்களால் கவ்வி இழுத்தான்.

“அக்கா, மதக மூடுங்க! மூடுங்கக்கா!”

கூடத்தில் ஜெசிந்தாவின் மணிக்கட்டு மெல்ல அதிர்ந்தது.

‘அக்கா, மதக மூட வேண்டாம்.’

“என்னவாம்?” என்றார் அண்ணாச்சி.

“சொறிமீன் இன்னும் வடக்கதான் நிக்கிது போல. மூட வேண்டாங்கான்.” அவள் கடிகையை உதட்டருகில் உயர்த்தினாள். ஆபத்து நீங்கியவர்களின் குரல் அவளுக்கு வாய்த்திருந்தது. “மதக மூட மாட்டோம்.”

அந்தச் செய்தியும் தலைச்சுமையோடு கடலைக் கடந்தது. ‘மதக மூ’ என்ற இடத்தில் அறுந்து கித்தேரியானின் கையில் விழுந்தது. முற்றுவிப்பான் அவன் நாடியைத் தொட்டுப் பார்த்தது. அங்கிருந்த அச்சத்துக்குப் பொருந்துவதாக ஒரு முடிவைத் தேர்ந்தெடுத்து, பிழையின்றி எழுதியது.

‘மதக மூட மாட்டோம்.’

அன்று அந்தக் கூடத்துக்கும் கடலுக்கும் இடையே, சொன்னது சொன்னபடி எழுத்துப் பிசகாமல் சென்று சேர்ந்த செய்தி அது ஒன்றே.