ஒரு குப்பி, இரண்டு கண்கள்

பெங்களூரின் அந்தக் கண் ஆஸ்பத்திரியில் இரண்டாம் மாடிக்கு அம்புஜம் வந்து சேர்ந்தபோது காலை பதினொரு மணி. உள்ளே அந்தி போலிருந்தது. ஜன்னல்களில் எல்லாம் கறுப்புத் துணி. காற்றில் ஸ்பிரிட் வாசனை.

"உங்க ஜோடி முன்னாடியே வந்துட்டாரு," என்றாள் நர்ஸ் மமதா.

ஜோடி என்பது அந்த வார்டின் பேச்சு. 2002-ல், கண்ணுக்காக நரம்பில் ஏற்றுகிற அந்தப் பச்சை மருந்து வெளிநாட்டிலிருந்து வந்தாக வேண்டும். குப்பி மருந்தைக் கரைத்துவிட்டால் சில மணி நேரம்தான் தாங்கும். அதனால் ஒரே குப்பியை இரண்டு பேருக்கு ஏற்றுவார்கள்.

அன்றைய ஜோடி ஓஸ்வால்ட். காக்ஸ் டவுன்காரர். தலையில் தொப்பி.

"ஒரே மருந்து, ரெண்டு ஒடம்பு. இனிமே நாம சொந்தக்காரங்கம்மா," என்று சிரித்தார்.

அம்புஜத்துக்குச் சிரிப்பு வரவில்லை. இடது கண் போய் ஆறு வருடம். இப்போது வலது கண்ணின் நடுவிலும் ஒரு கறை. கார்மெண்ட்ஸ் கம்பெனியில் காலர்களில் தையல் பிழை பார்க்கிற வேலை அவளுக்கு. எங்கே பார்க்கிறாளோ, அங்கேயே கறை வந்து உட்கார்ந்தது.

ஓஸ்வால்ட் முடித்துக்கொண்டு கிளம்பினார். அடுத்து அவள். கை நரம்பில் மருந்து ஜில்லென்று ஏறியது. டாக்டர் பாலசுப்ரமணியன் லேசர் கருவியில் முகவாயை வைக்கச் சொன்னார்.

"கெட்ட ரத்தக் குழாய்ல மருந்து போய்ச் சேந்திருக்கும். இந்த வெளிச்சம் பட்டாதான் வேலை செய்யும். எண்பத்துமூணு செகண்ட். கண்ணு அசையக்கூடாது."

அசையவில்லை.

"அஞ்சு நாள் வெயில் படவே கூடாதும்மா, தோல் வெந்துடும். தினமும் இந்தக் கட்டம் போட்ட தாளைப் பாருங்க. எங்க மறைக்குதோ, அங்க பென்சில்ல வரைங்க."

ஜீவனஹள்ளி வீட்டில் ஜன்னலுக்குப் போர்வை கட்டினான் கணவன் அர்ஜுனன்.

"இன்னாடி, பட்டப்பகல்ல வீட்டை தியேட்டர் ஆக்கிட்ட. இண்டர்வல் எப்போ?"

முதல் நாள் தாளில் ஒரு குத்துக்கோடு வரைந்தாள்.

இரண்டாம் நாள் அந்தக் கோட்டுக்குத் தோள்கள் இருந்தன.

மூன்றாம் நாள், தொப்பி. "அன்னைக்கு என்கூட மருந்து ஏத்தினவருங்க," என்றாள்.

அர்ஜுனன் மூன்று தாள்களையும் பார்த்தான். ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். திரும்பி வந்தவனின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"அந்தத் தொப்பிக்காரரு அன்னைக்கே போயிட்டாராம். ஆஸ்பத்திரி வாசல்ல. பஸ் வந்தது தெரியலையாம்."

தெருவில் வெயில் கொதித்தது. காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். வீட்டுக்குள் மட்டும் ஸ்பிரிட் வாசனை.

நான்காம் நாள், கட்டங்கள் முழுவதையும் ஒரு முகம் அடைத்தது.

"கண்ணை மூடிக்கோடி."

"மூடினாலும் நிக்கிறாருங்க."

"இன்னா வேணுமாம்?"

"ஒண்ணும் கேக்கல. பாக்கறாரு. பாக்கறதுக்கு என் கண்ணைத் தவிர அவருக்கு வேற ஏது?" அவள் குரல் இறங்கியது. "டாக்டர்ட்ட சொல்லிடாதீங்க. இதுவும் போச்சுன்னு எழுதிட்டா கம்பெனியில சேத்துக்க மாட்டாங்க."

ஆறாம் நாள் டாக்டர் விளக்கைப் போட்டு, லென்ஸ் வழியாக அவள் கண்ணுக்குள் குனிந்தார்.

"கெட்ட குழாய் நல்லா மூடியிருக்கு. கசிவே..."

நிறுத்தினார்.

அவர் மூச்சும் நின்றது.

அந்த நொடியில், முள்ளைப் பிடுங்கியது போல அவள் கண்ணிலிருந்து ஏதோ உருவிக்கொண்டு போனது. வெளிச்சம் பொங்கி வந்தது. சுவர்க் காலண்டரில் தேதி தெரிந்தது. கடிகாரத்தின் சின்ன முள் தெரிந்தது. கறை இல்லை. தொப்பி இல்லை.

"தெரியுதாடி?" என்றான் அர்ஜுனன்.

"எல்லாமே தெரியுதுங்க." அழுதாள்.

டாக்டர் எழுத உட்கார்ந்தார். பேனா தாளைத் தொடவில்லை.

"மமதா, இந்தத் தாள்ல யாரு கோடு போட்டது?"

"புதுத் தாள் சார். ஒண்ணுமே இல்லையே."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாளைப் பார்த்தார். தலையைத் திருப்பி வெள்ளைச் சுவரைப் பார்த்தார்.

"இங்கயும் இருக்கு," என்று முணுமுணுத்தார்.

குத்துக்கோடா என்று கேட்க அம்புஜத்தின் வாய் திறந்தது. மூடிக்கொண்டது. அர்ஜுனனின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள்.

"வாங்க. போயிடலாம்."

வராந்தாவில் ஒரு பெண் எதிரே வந்தாள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"ஜானகிதானே? லேசர் ரெடி. வாங்கம்மா," என்றது உள்ளிருந்து டாக்டரின் குரல்.

அந்தக் குரலுக்குப் பின்னால் யாரோ மெல்லச் சிரித்தார்கள். அம்புஜம் கேட்டிருந்த சிரிப்பு.