வலியை வாங்கிக்கொண்டவள்

சென்னியப்பன் ஆளை அடித்தால் அவர் கைமுட்டி வலிக்காது. பாவாத்தாளின் கைமுட்டிதான் வலிக்கும். அவர் பிடரியிலும் அவள் பிடரியிலும் ஒட்டியிருந்த வலிமாற்றி அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. வசதியுள்ள எல்லோரும் அப்போது ஒரு வலியேந்தி வைத்திருந்தார்கள். பெண்ணாகப் பார்த்து வைப்பது வழக்கம். தாங்கிப் பழகிய உடம்பு என்று விற்றவர்களே சொன்னார்கள். பாவாத்தாள் அவருடைய பல்வலியையும் மூலத்தையும் வாய் திறக்காமல் தாங்கியவள். திறந்தால் வேலை போய்விடும். முதலாளிக்கு முனகல் சத்தம் ஆகாது.

வலி போனதும் சென்னியப்பனுக்கு அடிப்பதில் ருசி கண்டுவிட்டது.

அன்று அவருடைய பனியன் ஆலையில் தைக்கும் சரசாள் துணிக்கட்டின் மேல் சற்றே உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் நின்றுகொண்டுதான் தைக்க வேண்டும்.

"உட்கார்றதுக்கு இது உங்கப்பன் ஊட்டு மெத்தையா?" என்று தாடையில் குத்தினார். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. முதலாளி நிற்கும்போது யாரும் தலை நிமிரக் கூடாது. ஊசிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

கீழே விழுந்தவளின் நெஞ்சில் மிதித்தார். சரசாள் கையில் அகப்பட்ட நூல்கத்தரியை அவர் தொடையில் பிடிவரை இறக்கி உருவினாள்.

அவருக்குப் பின்னால் நின்ற பாவாத்தாளின் தொடை பிளந்தது. குனிந்து பார்த்தாள், சேலையில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை. சென்னியப்பனின் கறுப்பு கால்சட்டை மட்டும் பளபளவென்று நனைந்துகொண்டிருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"உசுரோட போக மாட்டே நீயி" என்று சரசாளின் கழுத்தை இரு கையாலும் நெரித்தார்.

பாவாத்தாள் கத்தினால் அவர் குனிந்து பார்ப்பார், கட்டுப் போடுவார், பிறகு திரும்பி வந்து மிச்சத்தை முடிப்பார். முந்தானையை வாயில் திணித்துக் கடித்தாள். சரசாளின் கண் செருகியது. முதலாளியின் ரத்தம் செருப்பை நிறைத்து வழிந்தது. யார் முந்துகிறார்களோ என்று பாவாத்தாள் நின்றாள்.

சென்னியப்பன்தான் முந்தினார். சரசாளின் மேலேயே சரிந்தார். பாவாத்தாளின் தொடைவலி சட்டென்று நின்றது. சரசாள் இருமினாள்.

"வலிச்சுதா?" என்று பாவாத்தாளிடம் கேட்டார் விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரி.

"உசுரு போறாப்புல வலிச்சுதுங்க."

"அப்ப ஏம்மா சொல்லல?"

"சத்தம் போட்டா வேலையில்லைன்னு முதலாளியே சொல்லியிருந்தாருங்க."

கழுத்தில் இருந்த விரல் தடம் பேசியதால் சரசாள் கொலை வழக்கிலிருந்து வெளியே வந்தாள். முதலாளிகள் சங்கம் கதிகலங்கி விதியை மாற்றியது: எந்த வலியானாலும் அந்தக் கணமே சொல்ல வேண்டும். ஒருத்தியை நம்பினால் ஆபத்து என்று சென்னியப்பனின் மகன் தன் வலியை ஆலைப் பெண்கள் அத்தனை பேருக்கும் பங்கு போட்டான்.

மறுநாளே அத்தனை பேரும் இடுப்பு வலிக்கிறது என்றார்கள். அவன் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். இடுப்பில் ஒன்றுமில்லை. அடுத்த நாள் முழங்கால், அதற்கடுத்து அடிவயிறு. மருத்துவர் கடைசியில் சலித்துப்போனார்.

"அதெல்லாம் அவங்க சொந்த வலி. அது நின்னாத்தான் உங்களுது எதுன்னு தெரியும்."

நாற்காலிகள் வந்தன. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது. அடிப்பது அடியோடு நின்றது.

தினமும் காலையில் புது முதலாளி ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டே வரிசையாக வருகிறான். சரசாளிடம் வந்ததும் குரல் தானாக இறங்கிவிடும்.

"அம்மிணி, இன்னிக்கு எங்கயாச்சும் வலிக்குதுங்களா?"

சரசாள் சாய்ந்து உட்கார்ந்து, கோணிய தாடையைத் தடவுவாள்.

"யோசிச்சுச் சொல்றனுங்க. அதுவரைக்கும் அப்படியே நில்லுங்க."